உயிரணுவும் ஹைட்ரஜன் பெராக்சைடும்

மூன்றாம் ஆண்டு, வேதியியல்

மருந்துக் கடையில் பழுப்பு நிறப் புட்டியில் விற்கப்படும் ஹைட்ரஜன் பெராக்சைடை நாம் அனைவரும் அறிவோம். முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டால் பஞ்சில் நனைத்துத் தடவுவார்கள், வெண்ணுரை பொங்கும், குழந்தை அழும். புட்டியின் மேல் '20 வால்யூம்' என்று அச்சிட்டிருக்கும். ஒரு மில்லிலிட்டர் கரைசல் சிதைந்தால் 20 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன் வெளிவரும் என்பது அதன் பொருள். நூற்றுக்கு 6 பங்கு பெராக்சைடு கொண்ட கரைசல் அது. லூயி தெனார் என்ற பிரெஞ்சு வேதியியல் அறிஞர் 1818-இல் பேரியம் பெராக்சைடை அமிலத்துடன் வினைபுரியச் செய்து இப்பொருளை முதன்முதலாகப் பெற்றார்.

இதே பொருள் நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும், நாம் மூச்சு விடும் ஒவ்வொரு கணத்திலும், உண்டாகிக் கொண்டிருக்கிறது என்றால் முதலாண்டு மாணவர்கள் நம்புவதில்லை. நம்பாதவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. புட்டியில் உள்ள கரைசலில் லிட்டருக்கு 60 கிராம் பெராக்சைடு. மூலக்கூறு எடை 34. எனவே அதன் செறிவு ஏறத்தாழ 1.76 மோல். நல்ல நிலையிலுள்ள உயிரணுவினுள் இதன் செறிவு சில நானோமோல் முதல் நூறு நானோமோல் வரை என்று கணக்கிட்டுள்ளனர். 10 நானோமோல் என்று வைத்துக் கொண்டால், புட்டியில் உள்ளது உயிரணுவில் உள்ளதைப் போல் சுமார் 17 கோடி மடங்கு! ஓயாமல் உண்டாகும் ஒரு பொருளை இவ்வளவு தாழ்ந்த அளவில் நிறுத்தி வைப்பது யார், எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். நம் வேலூர், ஆம்பூர்ப் பகுதிக்கு இக்கேள்வியில் தனிப்பட்ட அக்கறை உண்டு. அதைப் பின்னர்க் கூறுகிறேன்.

எங்கிருந்து வருகிறது?

நாம் உட்கொள்ளும் ஆக்ஸிஜனில் பெரும்பகுதி மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பில் நான்கு எலக்ட்ரான்களை ஒருங்கே பெற்று நீராகிறது. சில வேளை வழியிலேயே ஓர் எலக்ட்ரான் கசிந்து ஆக்ஸிஜனுடன் சேர்ந்துவிடும். அப்போது உண்டாவது சூப்பர்ஆக்ஸைடு. இரண்டு சூப்பர்ஆக்ஸைடு அயனிகள் இணைந்து ஒரு பெராக்சைடு மூலக்கூறும் ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறும் ஆகின்றன. இவ்வினையை விரைவுபடுத்துவதற்கென்றே உடலில் ஒரு நொதி இருப்பதை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்ட், இர்வின் ஃபிரிடோவிச் இருவரும் 1969-இல் கண்டறிந்தனர். சூப்பர்ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்று பெயர். ஆக, ஒரு விஷத்தை ஒழிக்கும் நொதியே மற்றொரு விஷத்தை உற்பத்தி செய்கிறது. அடுத்த நொதி தயாராக நிற்கும் என்ற நம்பிக்கையில் நடக்கும் வேலை இது.

பழைய பாடநூல்களில், மூச்சில் கொள்ளும் ஆக்ஸிஜனில் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு இவ்வாறு கசிகிறது என்று எழுதியிருக்கும். அது உயிரணுவிலிருந்து தனியே பிரித்தெடுத்த மைட்டோகாண்டிரியாவில், இயல்புக்கு மாறான சூழலில் அளந்த எண். உயிருள்ள உடலில் கசிவு இதைவிடக் குறைவு என்றே இன்று கருதுகின்றனர். தேர்வில் எந்த எண்ணை எழுதுவது என்பதை அவரவர் ஆசிரியரிடமே கேட்டுக் கொள்க.

கசிவு மட்டுமன்று, வேண்டுமென்றே உண்டாக்குவதும் உண்டு. இரத்தத்தின் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கியவுடன் ஒரு நொதியை முடுக்கி, சூப்பர்ஆக்ஸைடையும் பெராக்சைடையும் கிருமியின் மேல் கொட்டுகின்றன. அந்த நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகள் சாதாரணக் கிருமிகளுக்கும் ஈடு கொடுக்க இயலாமல் மீண்டும் மீண்டும் சீழ்க்கட்டிகளால் துன்புறுகின்றனர். ஆகவே பெராக்சைடை அறவே இல்லாமற் செய்துவிட்டால் நலம் என்று எண்ணுவது பிழை.

பெராக்சைடு தன்னளவில் அவ்வளவு கொடியதன்று. நீரைப் போன்ற சிறு மூலக்கூறு; நீர் செல்லும் புரத வாயில்கள் சிலவற்றின் வழியே அதுவும் சவ்வைக் கடந்து போகும். தொல்லை இரும்பைச் சந்திக்கும்போதுதான். ஃபெரஸ் அயனியும் பெராக்சைடும் கூடினால் கரிமப் பொருள்கள் கடுமையாக ஆக்ஸிஜனேற்றம் அடைகின்றன என்பதை ஹென்றி ஃபென்டன் 1894-இல் விரிவாக வெளியிட்டார். அவ்வினையில் பிறக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்பு, பிறந்த இடத்திலேயே எதிர்ப்பட்டதைத் தாக்கும். புரதமோ, கொழுப்போ, மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வோ அதற்கு ஒன்றுதான். அதைத் துரத்திப் பிடிக்கும் நொதி எதுவும் கிடையாது. எனவே உயிரணு இரண்டு காரியங்களைச் செய்கிறது: இரும்பை ஃபெரிட்டின் என்ற புரதப் பேழைக்குள் பூட்டி வைக்கிறது, பெராக்சைடைக் குறைவாக வைத்திருக்கிறது.

கேட்டலேஸ்

இறைச்சிக் கடையில் ஆட்டு ஈரல் சிறு துண்டு வாங்கி, பாதியைப் பச்சையாகவும் பாதியைக் கொதிநீரில் பத்து நிமிடம் வேகவைத்தும் இரு சோதனைக் குழாய்களில் இடுங்கள். இரண்டிலும் பெராக்சைடு ஊற்றுங்கள். பச்சை ஈரல் உள்ள குழாயில் நுரை பொங்கி வழியும், தணல் முனையுள்ள ஊதுவத்தியை நுரைக்கருகே நீட்டினால் பளிச்சென்று எரியும், குழாயும் சூடாகும். வெந்த ஈரல் சும்மா கிடக்கும். நான் இதைச் செய்தபோது ஆய்வகம் முழுவதும் கறிக்கடை வாசனை வீசியது என்று உதவியாளர் கடிந்துகொண்டதைத் தவிர வேறு இடையூறு நேரவில்லை.

இந்த நுரைக்குக் காரணமான நொதிக்குக் கேட்டலேஸ் என்று ஆஸ்கர் லோவ் 1901-இல் பெயரிட்டார். 1937-இல் ஜேம்ஸ் சம்னரும் அலெக்சாண்டர் டௌன்சும் மாட்டு ஈரலிலிருந்து இதைப் படிகமாகப் பிரித்தனர். நான்கு கூறுகள் கொண்ட புரதம். ஒவ்வொரு கூற்றிலும் இரும்பு கொண்ட ஹீம். ஒரு மூலக்கூறு நொதி ஒரு விநாடியில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பெராக்சைடு மூலக்கூறுகளைச் சிதைக்க வல்லது. ஃபென்டன் வினையில் கொலையாளியாகும் அதே இரும்பு, இங்கே புரதத்தின் பிடியில் காவலாளியாக இருப்பதைக் கவனியுங்கள்.

கேட்டலேஸ் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதற்கு விடை ஒரு பல் நோயாளியிடமிருந்து வந்தது. ஜப்பானில் தகஹாரா என்ற காது மூக்குத் தொண்டை மருத்துவர் 1946-இல், வாயில் அழுகல் புண் கொண்ட 11 வயதுச் சிறுமிக்கு அறுவை செய்தார். புண்ணைக் கழுவப் பெராக்சைடை ஊற்றினார். நுரைக்க வேண்டிய இடத்தில் நுரையே இல்லை. இரத்தம் பட்ட இடம் கரும்பழுப்பாக மாறியது. தவறாக வேறு மருந்தை ஊற்றிவிட்டோமோ என்று ஐயுற்று வேறு புட்டியை எடுத்தும் அதே நிலைதான். சிறுமியின் இரத்தத்தில் கேட்டலேஸ் இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். அவளுடைய உடன்பிறந்தோர் சிலருக்கும் அவ்வாறே இருந்தது. வாயில் வாழும் பாக்டீரியாக்கள் வெளியிடும் பெராக்சைடை எதிர்க்க ஆளில்லாமல் ஈறு அழுகியது என்பது அவர் தந்த விளக்கம். இக்குறைக்கு அகேட்டலேசீமியா என்று பெயர் வழங்கலாயிற்று.

இதில் நான் மிகவும் வியப்பது வேறொன்று. இக்குறை உடையவர்களில் பலர் பெரிய தொல்லை ஏதுமின்றி வாழ்கின்றனர்! விநாடிக்குப் பத்து இலட்சம் மூலக்கூறுகளைச் சிதைக்கும் நொதி இல்லாமலேயே வாழ முடிகிறதென்றால், அன்றாட வேலையைச் செய்பவர் வேறு யாரோ இருக்க வேண்டும்.

குளுட்டாத்தயோன் கணக்கு

1957-இல் கார்டன் மில்ஸ், சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினைப் பெராக்சைடிலிருந்து காக்கும் மற்றொரு நொதியைக் கண்டார். குளுட்டாத்தயோன் பெராக்சிடேஸ் என்பது அதன் பெயர். அது தன் வேலைக்கு வேண்டிய எலக்ட்ரான்களைக் குளுட்டாத்தயோன் என்ற சிறு பொருளிடமிருந்து பெறுகிறது. குளுட்டாமிக் அமிலம், சிஸ்டைன், கிளைசின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களின் கோவை அது; இப்பெயரை 1921-இல் இட்டவர் ஹாப்கின்ஸ். உயிரணுவில் இது மில்லிமோல் அளவில் நிறைந்து கிடக்கிறது. நெடுங்காலம் வெறும் நஞ்சாகவே எண்ணப்பட்ட செலீனியம் என்ற தனிமம் இந்நொதியின் உயிர்நாடி என்பது 1973-இல் வெளிப்பட்டது.

வினையை எழுதிப் பார்ப்போம். ஒரு பெராக்சைடு மூலக்கூறை இரண்டு நீர் மூலக்கூறுகளாக்க இரண்டு குளுட்டாத்தயோன் செலவாகிறது. அவை இரண்டும் கந்தகப் பிணைப்பால் இணைந்து ஒன்றாகிவிடும். அதைப் பிரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர மற்றொரு நொதி வேண்டும். அந்த நொதிக்கு எலக்ட்ரான் கொடுப்பது என்.ஏ.டி.பி.எச். அந்த என்.ஏ.டி.பி.எச்.ஐ உண்டாக்குவது குளுக்கோஸ் சிதைவின் ஒரு கிளைவழி. அவ்வழியின் வாசலில் நிற்கும் நொதி குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ், சுருக்கமாக ஜி-6-பி-டி. ஆக, பெராக்சைடை அணைக்கும் செலவு கடைசியில் நாம் உண்ணும் சோற்றின் கணக்கில்தான் எழுதப்படுகிறது. ஆக்ஸிஜனேற்றத் தடுப்பு என்றால் ஏதோ அரிய மூலிகையின் செயல் என்று எண்ணுவோர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

சிவப்பணுவின் நிலை இன்னும் இக்கட்டானது. அதற்கு மைட்டோகாண்டிரியா இல்லை, உட்கரு இல்லை, எனவே புதிய நொதிகளை உண்டாக்கிக்கொள்ளவும் வழியில்லை. 120 நாள் வாழ்வையும் பிறக்கும்போது கொண்டுவந்த முதலைக் கொண்டே ஓட்ட வேண்டும். ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோ நாள்தோறும் சிறிது தானே கெட்டுச் சூப்பர்ஆக்ஸைடை உமிழ்கிறது. என்.ஏ.டி.பி.எச். பெற அதற்கு இருக்கும் வழி ஜி-6-பி-டி வழியே.

இந்நொதி குறைந்தவர்கள் உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேர் என்று மதிப்பிடப்படுகிறது. நம் நாட்டிலும் உண்டு. இதற்குரிய மரபணு எக்ஸ் நிறப்புரியில் இருப்பதால் ஆண்களிடமே மிகுதியாக வெளிப்படும். சாதாரணமாக எந்தக் குறையும் தெரியாது. மலேரியாவுக்குப் பிரைமாகுவின் மாத்திரை கொடுத்தால், அதிலிருந்து உடலில் பிறக்கும் பொருள்கள் சிவப்பணுக்களில் பெராக்சைடை உண்டாக்க, அணுக்கள் உடைந்து சிறுநீர் கறுக்கும். சோகையும் மஞ்சள் காமாலையும் தோன்றும். இதன் காரணம் ஜி-6-பி-டி குறைவு என்பதை 1956-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவினர். அதற்கு முன் நடந்த சோதனைகள் இல்லினாய்ஸ் மாநிலச் சிறையில் கைதிகளின் உடலில் செய்யப்பட்டவை என்பதையும் பாடநூல்கள் சொன்னால் நன்றாயிருக்கும்.

துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையும் இவ்வகைப் பொருளே. நாஃப்தலீன் உருண்டை போட்டு வைத்திருந்த துணியை வெயிலில் உலர்த்தாமல் அப்படியே கைக்குழந்தைக்குச் சுற்றினால், இக்குறையுள்ள குழந்தைக்குக் கடுமையான காமாலை வரக்கூடும். வீட்டில் தாய்மார்களுக்கு இச்செய்தியைச் சொல்ல வேதியியல் பட்டம் தேவையில்லை.

ஏரியும் மதகும்

மூன்றாவது காவலர் வெகு காலம் மறைந்தே இருந்தார். பெராக்சிரெடாக்சின் என்ற புரதக் குடும்பம் 1980-களின் இறுதியில்தான் ஈஸ்ட் நொதியத்தில் அடையாளம் காணப்பட்டது. கொரிய அறிஞர் சூ கூ ரீ இதில் முன்னோடி. இதில் இரும்பும் இல்லை, செலீனியமும் இல்லை. சிஸ்டைனின் கந்தகம் ஒன்றே கருவி. ஆயினும் மிகக் குறைந்த செறிவிலேயே பெராக்சைடைப் பற்றிக்கொள்ளும் திறன் உடையது. உயிரணுவில் ஏராளமாகவும் இருக்கிறது.

வேலைப் பங்கீட்டை விளக்க நம் பக்கத்து ஏரியைவிடச் சிறந்த உவமை எனக்குக் கிடைக்கவில்லை. காவேரிப்பாக்கம் ஏரியைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: மதகு வேறு, கலிங்கு வேறு. மதகு தினந்தோறும் சிறுகச் சிறுக நீரை விடும். கலிங்கு ஏரி நிரம்பினால்தான் வழியும். ஆனால் வழியத் தொடங்கினால் எவ்வளவு வெள்ளத்தையும் தள்ளிவிடும். பெராக்சிரெடாக்சினும் குளுட்டாத்தயோன் பெராக்சிடேசும் மதகுகள். கேட்டலேஸ் கலிங்கு. குறைந்த செறிவில் கேட்டலேசுக்கு வேலை அதிகமில்லை. செறிவு ஏற ஏற அதன் வேகமும் ஏறும், திணறுவதே இல்லை. அது பெரும்பாலும் பெராக்சிசோம் என்ற நுண்பைக்குள் இருப்பதும், அங்கே கொழுப்புச் சிதைவில் பெராக்சைடு மிகுதியாக உண்டாவதும் இதனோடு பொருந்துகின்றன. ஜப்பானியச் சிறுமியின் உறவினர் பலர் நலமாக வாழ்ந்ததற்கும் இதுவே காரணம்: வெள்ளம் வராத ஆண்டுகளில் கலிங்கு இடிந்த ஏரியும் ஏரிதான்.

மதகைச் சில வேளை வேண்டுமென்றே அடைப்பதும் உண்டு. பெராக்சைடு திடீரென மிகுந்தால் மேலுயிர்களின் பெராக்சிரெடாக்சின் தானே மிகை ஆக்ஸிஜனேற்றம் அடைந்து வேலையை நிறுத்திவிடுகிறது. அந்த இடத்தில் சிறிது நேரம் பெராக்சைடு தேங்கும். அவ்வாறு தேங்கியது ஒரு செய்தியாகப் பயன்படுகிறது என்ற கருத்து 2003-இல் முன்வைக்கப்பட்டது. இது இன்னும் வாதத்திற்குரியதே. ஆனால் பெராக்சைடு செய்தி சொல்லும் பொருளாகவும் இயங்குகிறது என்பதில் ஐயமில்லை. வளர்ச்சிக் காரணி ஒன்று உயிரணுவைத் தொட்டவுடன் உள்ளே பெராக்சைடு சிறிது உயர்வதையும், அதைத் தடுத்தால் வளர்ச்சிச் செய்தியே நின்றுபோவதையும் 1995-இல் காட்டினர். கீப்-1 என்ற புரதத்தின் சிஸ்டைன்களைப் பெராக்சைடு மாற்றும்போது, அதன் பிடியிலிருந்து விடுபட்ட என்.ஆர்.எஃப்-2 உட்கருவுக்குச் சென்று, குளுட்டாத்தயோன் முதலியவற்றை உண்டாக்கும் மரபணுக்களை இயக்குகிறது. அதாவது வெள்ளம் வருகிறது என்று கரையில் நிற்பவனுக்குச் சொல்வதும் வெள்ளமே.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வெல்கம் ஆய்வகத்தில் பேராசிரியர் கே. ஏ. பாலசுப்பிரமணியனும் அவர்தம் மாணவர்களும் செய்த ஆய்வை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். வயிற்று அறுவையின்போது குடலை மருத்துவர் கையால் எடுத்து அப்புறம் இப்புறம் நகர்த்துவது வழக்கம். எலிகளில் அவ்வாறு குடலை மெல்லத் தொட்டுக் கையாண்டதற்கே, உட்பரப்பு உயிரணுக்களில் ஆக்ஸிஜனேற்ற அழுத்தமும் சேதமும் தோன்றுவதை அவர்கள் 1999-இல் வெளியிட்டனர். சாந்தீன் ஆக்ஸிடேஸ் என்ற நொதி சூப்பர்ஆக்ஸைடையும் பெராக்சைடையும் உமிழ்வது இதில் பங்கு கொள்கிறது. நம் ஊரில் நடந்த ஆய்வு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கத்தி படாத இடத்திலும் காயம் உண்டு என்பதைக் காட்டிய ஆய்வு இது.

குரோமியத்தின் வழி

இனி நம் பகுதிக்கு வருவோம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் தோல் வேலையோடு தொடர்பில்லாத குடும்பம் அரிது. 2019-இல் ஒரு மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் தொழில் ஒன்றுதான். ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு பதனிட்ட காலம் மாறி, தோலைப் பெரும்பாலும் குரோமியத்தால் பதனிடும் காலம் வந்தது. டிரம்மில் சுழலும் தோல் நீலநிறமாகி 'வெட் புளூ' ஆகிறது.

என் தந்தையார் பதினான்கு ஆண்டுகளாக ஒரு டேனரியில் டிரம் வேலை செய்பவர். சுண்ணாம்பிலும் குரோம் நீரிலும் ஊறி அவர் விரலிடுக்குகள் வெடித்திருக்கும். கையுறை தருவதாகச் சொல்வார்கள். கிழிந்தபின் மறுபடி வருவதற்கு மாதக்கணக்காகும். சென்ற ஆண்டு யாரோ சொன்னதைக் கேட்டு 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' மாத்திரை வாங்கி விழுங்கத் தொடங்கினார். "ஏம்பா, நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கிறே? இது உள்ளே போன குரோமை எல்லாம் கழுவிடுமா?" என்று என்னைக் கேட்டார். இக்கட்டுரைக்காக நான் நூலகத்தில் உட்கார்ந்தது அந்தக் கேள்வியால்தான்.

முதலில் தெளிய வேண்டியது: குரோமியம் இரு வகை. டிரம்மில் போடுவது மூவிணைதிறக் குரோமியம், அதாவது காரக் குரோமியம் சல்ஃபேட். இது உயிரணுச் சவ்வை எளிதில் கடப்பதில்லை. டைகுரோமேட்டில் இருப்பது அறுவிணைதிறக் குரோமியம். குரோமேட் அயனியின் வடிவம் சல்ஃபேட் அயனியை ஒத்திருப்பதால், சல்ஃபேட்டுக்கென்று திறந்த வாயிலில் அதுவும் நுழைந்துவிடுகிறது. உள்ளே சென்றதும் ஒடுக்கம் அடைந்து மூவிணைதிறமாகி, வெளியேற முடியாமல் அங்கேயே புரதத்துடன் பிணைந்து கிடக்கிறது. இந்தப் பண்பையே மருத்துவர்கள் பயன்படுத்தினர்: கதிரியக்கக் குரோமேட்டைச் சிவப்பணுக்களில் ஏற்றி, அவை எத்தனை நாள் வாழ்கின்றன என்று அளக்கும் முறையை 1950-இல் கிரேயும் ஸ்டெர்லிங்கும் வகுத்தனர்.

உள்ளே ஒடுக்குவது யார்? வைட்டமின் சி, குளுட்டாத்தயோன், சிஸ்டைன். பெராக்சைடுக்காகச் சேர்த்து வைத்த அதே சேமிப்பு. முற்காலத்தில் தோல் பதனிடுவோர் டைகுரோமேட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து வெல்லப்பாகு ஊற்றிப் பச்சைநிறக் குரோம் கரைசலைத் தாமே காய்ச்சியதுண்டு. தொட்டியில் வெல்லப்பாகு செய்த வேலையை உயிரணுவில் வைட்டமின் சி செய்கிறது. ஆனால் எண்ணிக்கை ஒத்துவரவில்லை. ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்க மூன்று எலக்ட்ரான் வேண்டும். வைட்டமின் சி ஒரு தடவையில் இரண்டு கொடுக்கும். குளுட்டாத்தயோன் ஒன்று கொடுக்கும். ஆகவே நடுவில் ஐந்து, நான்கு என்ற நிலையற்ற படிகளில் குரோமியம் நின்று செல்ல நேர்கிறது. அந்த ஐந்தாம் படியில் இருக்கும் குரோமியம் பெராக்சைடைச் சந்தித்தால், ஃபென்டனின் இரும்பைப் போலவே ஹைட்ராக்சில் தனி உறுப்பை உண்டாக்க வல்லது. இறுதியில் நிற்கும் மூவிணைதிறக் குரோமியமும் டி.என்.ஏ.வோடு பிணைகிறது. ஒரே வேளையில் சேமிப்பும் கரைகிறது, எதிரியும் வலுக்கிறான். அறுவிணைதிறக் குரோமியச் சேர்மங்களை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1990-இல் வைத்தது. குரோமேட் ஆலைத் தொழிலாளரின் நுரையீரல் புற்றுநோயே முக்கியச் சான்று. தோல் பதனிடும் தொழிலைப் பொறுத்தவரை, முடிவு கட்டப் போதிய சான்றில்லை என்ற மூன்றாம் வகையில்தான் அந்நிறுவனம் 1987-இல் வைத்தது. இரண்டையும் குழப்பி ஊரையே பயமுறுத்துவோரும் உண்டு. இரண்டாவதை மட்டும் சொல்லி வாயடைப்போரும் உண்டு.

மூவிணைதிறம் முற்றிலும் சாது என்றும் சொல்வதற்கில்லை. அது எந்தப் பொருளோடு அணைவுச் சேர்மமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் ராஜாராம், பாலச்சந்திரன் உன்னி நாயர், ராமசாமி ஆகியோர் சில மூவிணைதிறக் குரோமிய அணைவுகள் மனித நிணநீர் அணுக்களைத் தற்சாவுக்குத் தள்ளுவதை 1995-இல் காட்டினர்.

நம் பகுதியில் அறுவிணைதிறக் குரோமியம் வெறும் பாடப்பொருள் அன்று. ராணிப்பேட்டை சிப்காட்டில் குரோமேட் உப்புகளைத் தயாரித்து 1990-களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை, ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவைக் குவித்துவிட்டுச் சென்றது. மழைநீர் அதில் ஊறி மஞ்சளாக வடிந்து நிலத்தடி நீரில் கலந்தது. தோல் கழிவுநீர் பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்ததும், கெடுத்தவனே செலவையும் ஏற்க வேண்டும் என்ற நெறியை அதில் உறுதி செய்ததும் சட்டம் படிக்கும் நண்பர்கள் அறிந்ததே.

தந்தையாருக்கு நான் சொன்ன விடை இதுதான். வைட்டமின் சி குரோமேட்டை ஒடுக்குவது உயிரணுவுக்கு வெளியே நடந்தால் நன்மை. இரைப்பை நீரும் நுரையீரலின் மேற்படல நீரும் ஓரளவு அதைச் செய்கின்றன. உள்ளே நடந்தால் இருமுனைக் கத்தி. மாத்திரையால் அதை வெளியே மட்டும் நிறுத்தி வைக்க இயலாது. ஏற்கெனவே பிணைந்த குரோமியத்தை எந்த மாத்திரையும் கழுவாது. தோலின் வெடிப்புக்கு மாத்திரையைவிடக் கையுறைதான் மருந்து. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் வைத்து நடத்திய ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது என்று 1994-இல் வெளிவந்த முடிவையும் சொன்னேன். "அப்போ இந்தக் காசுக்குக் கையுறையே வாங்கிடலாம்" என்றார். வாங்கியும் விட்டார். தொழிலாளி தன் காசில் வாங்க வேண்டிய பொருளா அது என்பது வேறு கேள்வி.

தோலிலும் இதே கதை

மேற்சொன்ன வேதியியல் உயிரற்ற தோலிலும் நடக்கிறது. பதனிட்ட தோல் மிருதுவாவதற்கு 'ஃபேட் லிக்கர்' என்னும் எண்ணெய்க் குழம்பு ஏற்றுவார்கள். மீன் எண்ணெய் போன்ற நிறைவுறா எண்ணெயானால், காற்றிலும் வெயிலிலும் வெப்பத்திலும் அதில் பெராக்சைடுகள் பிறக்கும். அவை தோலிலுள்ள மூவிணைதிறக் குரோமியத்தைச் சிறிதளவு அறுவிணைதிறமாக உயர்த்திவிடும். உயிரணுச் சவ்வில் வைட்டமின் ஈ தடுத்து நிறுத்தும் அதே கொழுப்புச் சங்கிலி வினை இங்கே தடுப்பாரின்றி ஓடுகிறது. தோலைத் தொடும் பொருள்களில் அறுவிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் விதித்துள்ளது. ஆம்பூரிலிருந்து கப்பலேறும் காலணி இந்த எண்ணுக்கு அஞ்ச வேண்டும்.

தடுப்பதற்கு அறிந்த வழிகளில் ஒன்று, குரோமியத்தால் பதனிட்டபின் தாவரத் துவர்ப்பொருளைச் சிறிது ஏற்றுவது. துவர்ப்பொருள்களிலுள்ள பீனால் தொகுதிகள் பெராக்சைடு சங்கிலியை அறுத்து, உண்டான அறுவிணைதிறக் குரோமியத்தையும் ஒடுக்குகின்றன. ஆவாரையையும் கடுக்காயையும் நம் முன்னோர் கையாண்டது தோல் கெடாமலிருக்க. இன்று அவ்வினத்துப் பொருளே குரோமியம் ஏறாமலிருக்க வந்து நிற்கிறது. ஆனால் தோலில் வேலை செய்வதால் வயிற்றிலும் செய்யும் என்று கொள்ளக் கூடாது. இத்தகைய பீனால்களை உயிரணு வளர்க்கும் கரைசலில் கலந்தால், அவை காற்றின் ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து தாமே ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகின்றன! தேயிலைச் சாறும் அவ்வாறே. உயிரணு வளர்ப்பில் ஏதேனும் ஒரு சாறு புற்றணுவைக் கொன்றதாகப் படித்தால், அக்கரைசலில் கேட்டலேஸ் சேர்த்துப் பார்த்தார்களா என்று தேடுங்கள். கேட்டலேஸ் சேர்த்ததும் அந்தச் சாவு நின்றுவிட்டால், கொன்றது மூலிகை அன்று, அது உண்டாக்கிய பெராக்சைடு.